காய்ச்சல் காட்டாத உடம்பு

அபி, யாழினி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருத்தி படித்துவிட்டு இன்னொருத்திக்குச் சொன்னால் பாதி மாறிப்போகும். நம் வீட்டு வழக்கம் அது.

நான் பத்தாவது வரை படித்தவன். மைக் செட் போடத் தெரியும். மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டத் தெரியும். உடம்பைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை, அது என் உடம்பு என்பதைத் தவிர. டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். புரியாத இடத்தில் புரியவில்லை என்றே எழுதுகிறேன். அப்படி நிறைய இடம் வரும்.

எழுதுவதற்குக் காரணம் யாழினிதான். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த நாள் முதல் நீ என் பக்கத்தில் உட்காருவதில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசலுக்குப் போய்விடுகிறாய். கேட்டால் "இங்கதாம்பா காத்து வருது" என்கிறாய். அங்கே ஃபேனே கிடையாது. உன் மனதில் என்ன இருக்கிறது என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள்.

முதலில் கை வலியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு சாலவாக்கம் பக்கம் ஒரு கோயிலில் நம் செட்தான். மறுநாள் காலையில் ஒயரைச் சுற்றப் போனால் விரல் மடங்கவில்லை. இரண்டு கையிலும் விரல் முட்டி வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. வெயில் ஏறின பிறகு கொஞ்சம் இளகியது. வேலை செய்த வலி என்று நினைத்தேன். உங்கள் கௌரி அத்தை "வாயுடா அது, குமாரு, உருளக்கெழங்க வுடு" என்றாள். உருளைக்கிழங்கை விட்டேன். வலி என்னை விடவில்லை. பிறகு மணிக்கட்டு, பிறகு கால் விரல். காலையில் பல் விளக்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியாமல், விரலில் பற்பொடி தொட்டுத் தேய்த்தேன். அதையும் உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் செய்தேன் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு முதல் நாளே தெரியுமாம்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு சென்னையிலிருந்து மூட்டுவாத டாக்டர் ஒருவர் வாரம் ஒரு நாள் வருவார். அன்றைக்கு அங்கே உட்கார இடம் கிடைக்காது. வந்திருந்த பாதிப் பேர் என்னைப் போலவே கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், கைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் விரல் முட்டி ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது முடக்குவாதம்" என்றார்.

"வயசானவங்களுக்கு வர்றதுதானே சார்?"

"அது தேய்மானம். இது வேற. உங்க உடம்புல காவலுக்கு இருக்கிற செல்லுங்களே உங்க மூட்டை எதிரின்னு நினைச்சு அடிக்குது."

"ஏன் சார் அப்படி நினைக்குது?"

"அது சரியா யாருக்கும் தெரியாது."

என் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. திருடன் வந்து அடித்தால் புரிகிறது. வாட்ச்மேன் வீட்டுக்காரனையே அடித்தால், யாரிடம் போய்ச் சொல்வது?

வாரம் ஒருமுறை போடுகிற மாத்திரை ஒன்று கொடுத்தார். பல மாதம் சாப்பிட்டேன். கொஞ்சம் கேட்டது, முழுக்கக் கேட்கவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாக்களுக்கு நம் கடைப் பையன் ராஜாவை வைத்துத்தான் ஸ்பீக்கர் கட்டினேன். நான் கீழே நின்று கையைக் காட்டினேன். அந்தக் கையும் முழுசாக நீளவில்லை.

அப்போதுதான் டாக்டர் நரம்பில் ஏற்றுகிற ஒரு டிரிப் மருந்தைப் பற்றிச் சொன்னார். செல்கள் ஒன்றையொன்று கூப்பிட ஒரு சத்தை வெளியே விடுமாம். அதற்கு சைட்டோகைன் என்று பெயர். அது ஒரு சேதி. "இங்க எதிரி வந்திருக்கான், வாங்க" என்று ஒரு செல் சேதி விட்டால் மற்ற செல்கள் அங்கே ஓடி வரும். வந்த செல்களும் அதே சேதியை விடும். இன்னும் நிறைய வரும். மூட்டுக்குள் நடப்பது இதுதானாம்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "சார், மைக்க ஸ்பீக்கருக்கு முன்னாடி வெச்சா ஊளையிடும். ஸ்பீக்கர் சத்தம் மைக்குள்ள போவும், அது பெருசாயி மறுபடி ஸ்பீக்கர்ல வரும், மறுபடி மைக்குள்ள போவும். அந்த மாதிரிங்களா?"

அவர் சிரித்தார். "பாதி சரி. இந்த மருந்து அந்த சேதியில ஒண்ணை மட்டும் காதுல விழாம பண்ணும்."

"மீதிப் பாதி?"

"உங்க மைக் செட்ல ஒரு ஒயர்தான். உடம்புல நூறு ஒயர். ஒண்ணைப் பிடுங்கினா எதெல்லாம் அமைதியாகும்னு முழுசா சொல்ல முடியாது."

அன்றைக்கு நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உடனே மருந்தை ஏற்றிவிடவில்லை. டிபி ஒளிந்திருக்கிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரே, கையில் ஒரு ஊசி, மஞ்சள் காமாலைக் கிருமிக்கு ரத்தம் என்று வரிசையாகப் பார்த்தார்கள். காவலைக் குறைக்கிற மருந்து என்பதால், உள்ளே எவனாவது பதுங்கியிருந்தால் எழுந்துவிடுவானாம். சின்ன வயதில் அம்மை வந்ததா என்றும் கேட்டார்கள். "வந்திருக்கும் சார், எல்லாருக்கும் வந்ததுதானே" என்று யாரையும் கேட்காமலே சொல்லிவிட்டேன். காப்பீட்டு அட்டையில் அனுமதி வர நாளாயிற்று. வந்த பிறகு மாதம் ஒருமுறை போய்க் கட்டிலில் படுத்து டிரிப் ஏற்றிக்கொண்டு, சாயந்திரம் பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

இரண்டாவது டிரிப்புக்குப் பிறகு ஒரு காலையில் பிரஷ்ஷைப் பிடித்துப் பல் விளக்கினேன். உங்கள் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "பேஸ்ட்டு கம்மியா போடு, அது இன்னும் ஒரு வாரத்துக்கு வரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

ஊளை நின்றுவிட்டது என்று நினைத்தேன். திரும்ப மரம் ஏறினேன்.

அடுத்தது உங்களுக்கே தெரியும். யாழினிக்கு முதுகில் முத்து முத்தாக வந்தது. அம்மா வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினாள். நம் வீட்டில் தாளிப்பு நின்றது. தலை வாரவில்லை. வெளி ஆள் வரவில்லை. மாரியாத்தா வந்து தங்கியிருக்கிற வீடு, அவள் போகிற வரைக்கும் மரியாதையாக இருக்க வேண்டும். இதெல்லாம் நாம் எல்லாரும் செய்வதுதான்.

எனக்கு டிரிப் போடும் நாள் வந்தது.

"மாமா, போவாத" என்றாள் உங்கள் அம்மா. "ஆத்தா வந்திருக்கிற வூட்லேர்ந்து போயி யாராவது ஊசி போட்டுப்பாங்களா?"

"நாள் தள்ளக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறார் செல்வி."

"டாக்டரு கையி சொல்றத கேக்கறாரு. ஆத்தா சொல்றத யாரு கேக்கறது?"

"கையி போச்சுன்னா சோறு யாரு போடறது? ஆத்தாவா வந்து ஸ்பீக்கர் கட்டுவா?"

அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வாயில் அடித்துக்கொண்டேன். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் கிளம்பினேன். படித்தவன் போல நடந்துகொள்கிறோம் என்று ஒரு நினைப்பு.

ஆஸ்பத்திரியில் டிரிப் போடுவதற்கு முன்னால் சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "உங்களுக்குக் காய்ச்சல், சளி, புண் ஏதாவது? வீட்டுல யாருக்காவது நோய்?" நான் "இல்லைங்க சிஸ்டர்" என்றேன். மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நம்புங்கள். நம் வீட்டில் அதை யாராவது நோய் என்று சொல்லியிருக்கிறோமா? சொன்னால் உங்கள் அத்தை சும்மா விடுவாளா? நோய் என்று கேட்டார், நோய் இல்லை என்றேன். யாழினிக்கு முத்து போட்டிருப்பது அந்த நேரம் என் புத்தியில் அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே வரவில்லை. சிஸ்டர் மருந்தை ஏற்றினார்.

யாழினிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட பானைத் தண்ணீர் வெயிலில் காய்ந்த வாசனை வீட்டில் மறையும்போது, எனக்கு நெஞ்சில் முத்து வந்தது.

கௌரி அத்தை வந்து பார்த்தாள். என் நெற்றியில் கை வைத்தாள். "சில்லுனு கீதுடா. காய்ச்சலே இல்ல. சாந்தமா வந்திருக்கா ஆத்தா. ஒண்ணும் பயமில்ல." அபி, நீயும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "நார்மல்பா" என்றாய். எனக்கும் அதுதான் ஆச்சரியம். யாழினிக்கு நெருப்பாய்க் கொதித்தது, எனக்கு உடம்பு சூடே இல்லை. விரல் வலி துளி இல்லை. உடம்பு முழுக்க முத்து, ஆனால் கை மட்டும் என் வாழ்நாளிலேயே நல்ல கை. எது நோய், எது சுகம் என்றே தெரியாமல் படுத்திருந்தேன்.

இருமல் வந்தது. அதற்கும் காய்ச்சல் இல்லை.

கண்டுபிடித்தது உங்கள் அம்மாதான். தெர்மாமீட்டரை வைத்து அவள் கண்டுபிடிக்கவில்லை. இளநீர் கொண்டு வந்தாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள்.

"மாமா, இப்ப சொன்னத மறுபடி சொல்லு."

"கடையில அந்த... ஆம்ப்ளிஃபயர... ராஜாகிட்ட..."

"மூணு வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு வுடற. நீ மூச்சு வுடாம பேசறவன். கல்யாணத்துல தாலி கட்டறப்பக்கூட ஐயருக்கு மைக் புடிக்கிறது எப்படின்னு சொல்லிக்கினு இருந்தவன்." சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். கடைசி வார்த்தையில் முகம் மாறிவிட்டது. "அபி, ஆம்புலன்சுக்கு போன் போடு."

கௌரி அத்தை வாசலை மறித்து நின்றாள். "செல்வி, இன்னா பண்ற நீ? மேல ஆத்தாவ வெச்சுக்கினு எங்க கூட்டிக்கினு போற? தண்ணி ஊத்தாம வெளிய போனா கோவம் வந்துடும்டி."

"வரட்டும் அண்ணி."

"காய்ச்சலே இல்லன்றேன்!"

"அதான் அண்ணி எனக்கு பயமா கீது. யாழினிக்கு கொதிச்சுது, இவருக்கு ஏன் கொதிக்கல? கோவம் வந்தா என் மேல வரட்டும். இவரு போனப்புறம் கோவிச்சிக்கினு ஆத்தா யாருகிட்ட வருவா?"

அத்தை நகர்ந்து வழி விட்டாள். பிறகு அவளே உள்ளே போய் என் லுங்கியையும் துண்டையும் பையில் வைத்தாள். மேலே ஒரு கொத்து வேப்பிலையும் வைத்தாள்.

காஞ்சிபுரம் போய்ச் சேரும்போது என்னால் ஒரு வார்த்தைகூடச் சேர்த்துப் பேச முடியவில்லை. அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் இருந்தார். காய்ச்சல் பார்த்தார், இல்லை. உடம்பில் அழற்சி, அதாவது உள்ளே சண்டை நடக்கிறதா என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை ஒன்று செய்தார். அதுவும் ஒன்றுமில்லை என்று வந்தது. விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. அவர் பேப்பரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி பேப்பரைப் பார்க்கிறார். என்னைவிட அதிகமாகக் குழம்பிய ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உங்கள் அம்மா டிரிப் போட்ட சீட்டை நீட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு உடனே மூட்டுவாத டாக்டருக்கு போன் செய்தார். போனை வைக்கும் முன்பே சிஸ்டரைக் கூப்பிட்டு ஆக்சிஜன் மாஸ்க்கும் கிருமி மருந்தும் போடச் சொன்னார். நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை. அம்மை நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது.

தனி அறையில் போட்டார்கள். மாஸ்க் போட்டிருந்ததால் பேசக் கூடாது. எனக்கு அதுதான் பெரிய தண்டனை. என்னால் ஒன்றை மட்டும்தான் யோசிக்க முடிந்தது: அடுத்த மூச்சு வருமா? வந்தது. அதற்கடுத்தது வருமா? பயம் என்றால் நெஞ்சு படபடக்கும் என்று நினைத்திருந்தேன். இது வேறு மாதிரி. கிணற்றில் இறங்கும்போது கால் தரையைத் தேடுமே, அப்படி இருந்தது.

உங்கள் அம்மா முதலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போனதால் பிறகு உள்ளே விட்டார்கள், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு. தலையணைக்குக் கீழே வேப்பிலையை வைத்தாள். சிஸ்டர் பார்த்துவிட்டார். "இலை இருக்கட்டும்மா. மஞ்சத் தண்ணி மட்டும் தெளிச்சிடாதீங்க, அந்த மெஷின் எங்க சம்பளத்தைவிட விலை." அம்மா சிரித்தாள். எனக்கும் மாஸ்க்குக்குள் சிரிப்பு வந்து, இருமலாகி, சிஸ்டரிடம் இரண்டு பேரும் திட்டு வாங்கினோம்.

அபி, நீ கடையைத் திறந்து வைத்தாய். கௌரி அத்தை மோர் கொண்டு வந்து வெளியிலேயே நின்றாள். "கோயில்ல சொல்லிட்டு வந்துக்கிறேன். அவ ஆஸ்பத்திரிக்கும் வருவாளாம்" என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அத்தை தோற்றுப்போனாள் என்று நினைக்காதீர்கள். அவள் எனக்காகத்தான் பயந்தாள், அம்மாவும் எனக்காகத்தான் பயந்தாள். இரண்டு பயமும் வேறு வேறு பக்கம் இழுத்தன.

மாஸ்க் எடுத்த பிறகு மூட்டுவாத டாக்டர் வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அந்த மருந்து அடைக்கிற சேதி, மூட்டுக்கு மட்டும் போகிற சேதி இல்லையாம். காய்ச்சலை ஏற்றச் சொல்லி மூளைக்குப் போவதும் அதே சேதி. அந்த ரத்தப் பரிசோதனையில் தெரிகிற சத்தை உண்டாக்கச் சொல்லிக் கல்லீரலுக்குப் போவதும் அதே சேதி. சண்டைக்குப் போகும் செல்களுக்கு ஊக்கம் கொடுப்பதும், சமாதானம் பண்ணுகிற செல்களை அடக்கி வைப்பதும் அதே. அதை அடைத்தால் சண்டைக்கார செல் குறையும், சமாதானக்கார செல் கூடும், மூட்டு தப்பிக்கும். ஆனால் நிஜமான எதிரி வரும்போது கூக்குரல் மெதுவாகத்தான் கேட்கும். வீடு எரிந்தாலும் புகை தெரியாது.

"அப்ப அந்த மருந்து நல்லதா கெட்டதா சார்?"

"உங்க கைக்கு நல்லது. அம்மைக்கு நடுவுல கெட்டது. வீட்டுல அம்மைன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு டிரிப்பைத் தள்ளி வெச்சிருப்போம். நீங்களும் சிஸ்டர்கிட்ட சொல்லலை."

"நோய் யாருக்குன்னு கேட்டாங்க சார். நாங்க அதை நோய்னு சொல்றதில்ல."

அவர் கோபப்படவில்லை. "சரி. இனிமே கேள்விய மாத்திக் கேக்கச் சொல்றேன்" என்றார்.

இப்போது என் குழப்பத்தைக் கேளுங்கள். "ஆத்தா இருக்கும்போது ஊசி போடாதே" என்று உங்கள் அம்மா சொன்னாள். டாக்டரும் அதையேதான் சொல்கிறார், காரணம் வேறு. "வெளி ஆளைச் சேர்க்காதே" என்பதும் சரிதானாம். "ஆஸ்பத்திரிக்குப் போகாதே" என்பது மட்டும் என்னைக் கொன்றிருக்கும். மூன்றும் ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தவை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்? உன் மூச்சு தெரிஞ்சுது" என்றாள்.

யாழினி, இனி உனக்கு.

உன்னிடமிருந்துதான் எனக்கு வந்ததா என்று டாக்டரிடம் நேராகக் கேட்டேன். "அப்படித்தான் இருக்கும்" என்றார். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இதையும் சொன்னார்: முத்து வெளியே தெரிவதற்கு முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும். அப்போது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டிவி பார்த்துக்கொண்டே என் மேல் காலைப் போட்டுத் தூங்கினாயே, அந்த நாட்களில் வந்திருக்கலாம். அதற்காக ஒரு குழந்தை அப்பா மேல் கால் போடாமல் இருக்க முடியுமா? உனக்கும் பள்ளிக்கூடத்தில் யாரிடமிருந்தோ வந்தது. அந்தப் பிள்ளை மேல் உனக்குக் கோபம் இருக்கிறதா? இல்லையே.

டிரிப்பை நிறுத்தியதால் என் விரல் மறுபடி வீங்குகிறது. இதை எழுதும்போது நடுநடுவே பேனாவைக் கீழே வைக்கிறேன். மறுபடி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் பயம். வேண்டாமென்றால் கை போகும், வேண்டுமென்றால் காவல் குறையும். ஆரம்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம், குழப்பம் தீர்ந்து எடுத்த முடிவு இல்லை. குழப்பத்தோடு எடுத்ததுதான்.

டாக்டரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "சின்னவள் என் பக்கத்தில் உட்காரலாமா?" அவர் சிரித்துவிட்டார். உன் உடம்பில் இருக்கும் செல்கள் அந்தக் கிருமியை ஒருமுறை பார்த்துவிட்டனவாம். இனி மறக்காதாம். பள்ளிக்கூடத்தில் மறுபடி யாருக்கு வந்தாலும் நீ அதை வீட்டுக்கு எடுத்து வர வாய்ப்பு ரொம்பக் குறைவாம். மருந்தால் என்னிடம் குறைகிற காவல் உன்னிடம் முழுசாக இருக்கிறது.

வியாழக்கிழமை டிரிப். உங்கள் அம்மா கடையைப் பார்த்துக்கொள்வாள், அபிக்குத் தேர்வு. உனக்கு லீவு சொல்லியாயிற்று. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உனக்கு. அதற்கு அடுத்த சீட் எனக்கு.